இரண்டாவது பதிவேட்டில் இருந்தது என் கையெழுத்துதான்

2022 ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடியும் கடலுக்குப் போகத் தொடங்கிய வாரத்தில், ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். பி.காம். முடித்து ஓராண்டு வீட்டில் இருந்தவளுக்கு மாதம் 7,000 ரூபாய் என்பது நல்ல சம்பளமாகவே தெரிந்தது. அதே கம்பெனியில் எட்டு வருடமாக நண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா முதலாளியிடம் நேரில் கேட்டு வாங்கிக்கொடுத்த வேலை அது. அதனால் சம்பளம் சரியா, குறைவா என்று கேட்கும் எண்ணமே எனக்கு வரவில்லை. 22 மாதம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகுதான், எனக்குச் சட்டப்படி சேர வேண்டியதில் மாதந்தோறும் ஏறத்தாழ 4,000 ரூபாய் குறைந்திருந்தது என்று தெரிந்தது. மொத்தக் கணக்கு 88,000 ரூபாய். அதில் 72,000 ரூபாயை நான் இனி எக்காலத்திலும் கேட்க முடியாமல் போனதற்கு முதலாளி பாதிக் காரணம் என்றால், என்னுடைய தயக்கமும் அறியாமையும் மீதிக் காரணம். இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று பல இரவுகள் அழுதிருக்கிறேன். அதனால்தான் வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

வெட்கம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கம்பெனியில் இரண்டு பதிவேடுகள் இருந்தன. ஒன்று நீள நோட்டு. யார் எத்தனை கிலோ உரித்தார்கள், கையில் எவ்வளவு கொடுத்தோம் என்ற உண்மைக் கணக்கு அதில் இருக்கும். மற்றொன்று பைண்டு செய்த பெரிய பதிவேடு. அதில் எல்லோருக்கும் அரசு நிர்ணயித்த கூலி முழுமையாகக் கொடுக்கப்பட்டதாக எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிவிடுவோம். "வாங்குவோம்" என்று சொல்வதைவிட "வாங்கினேன்" என்பதே நேர்மை. சேர்ந்த மூன்றாம் மாதத்திலிருந்து அந்த இரண்டாவது பதிவேட்டை எழுதியவள் நான்தான். எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான், ஆபீசர் கேட்டால் காட்டுவதற்கு ஒரு ஃபார்மாலிட்டி, என்று முதலாளி சொன்னார். என் பெயருக்கு நேராக 11,000 சொச்சம் என்று என் கையாலேயே எழுதி, நானே கையெழுத்துப் போட்டுவிட்டு, 7,000 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது, 2023 ஏப்ரலில் அது ஏன் கொஞ்சம் உயர்ந்தது என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. சட்டம் எனக்கு எவ்வளவு தரச் சொல்கிறது என்பதை மாதந்தோறும் நானே எழுதிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வருகின்றன.

அந்த ஏப்ரல் உயர்வின் விளக்கம் இதுதான். ஒவ்வொரு தொழிலுக்கும் அடிப்படைக் கூலியை அரசாணை மூலம் தமிழ்நாடு அரசு நிர்ணயிக்கிறது. அதோடு அகவிலைப்படி சேரும். சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்து அந்த அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று மாறும். இரண்டையும் கூட்டினால் வருவதே குறைந்தபட்சக் கூலி. தொழில்வாரியாக, வேலைவாரியாக அந்தப் பட்டியல் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் கிடைக்கிறது. எங்கள் தொழிலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது: மீன் உரித்தல், டப்பாவில் அடைத்தல், கடல் உணவையும் தவளைக் காலையும் உறைய வைத்தல் என்று அதற்குப் பெயர். தவளைக்கு இடம் கொடுத்த பட்டியலில் நமக்கும் இடம் இருக்கிறதே என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். பட்டியலைப் பார்க்கும்போது, முதலாளி உங்களுக்கு வைத்த பதவிப் பெயரைப் பார்க்காமல், நீங்கள் செய்யும் வேலை எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். என்னை "ஹெல்பர்" என்றே சொல்லிவந்தார்கள். நான் செய்தது கணக்கர் வேலை. இரண்டுக்கும் கூலி வேறு.

உரிக்கும் பெண்களின் நிலை என்னுடையதைவிட மோசம். விடியற்காலை ஐந்தரைக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவித்து ஆறவைத்த நண்டு டிரேயில் வரும். ஓட்டைப் பிளந்து, சிறு கத்தியால் சதையை நார் சிதையாமல் எடுத்து, தரவாரியாக ஜம்போ தனியாக, ஸ்பெஷல் தனியாக, கிளா தனியாகப் போட வேண்டும். ஓட்டின் முனை கையுறையைக் கிழித்துக்கொண்டு விரலில் ஏறும். குளோரின் தண்ணீரில் கை ஊறி, விரல் நுனியில் ரேகையே தேய்ந்துபோன பெண்கள் இருக்கிறார்கள். ரேஷன் கடை மெஷினில் அம்மாவின் விரல் பதிய மூன்று நான்கு முறை வைக்க வேண்டியிருக்கும். இத்தனைக்கும் கூலி கிலோவுக்கு 70 ரூபாய். எடை போடும்போது "தண்ணீர்க் கழிவு" என்று தட்டுக்கு 50 கிராம் குறைப்போம். நண்டு தாராளமாக வந்த நாளில் தேர்ந்த கை நான்கு கிலோ உரிக்கும். காற்று எழும்பி நாட்டுப்படகுகள் போகாத நாளில், சம்பாட்டி (கரையில் நண்டு வாங்கும் வியாபாரி) அனுப்பும் வண்டி பதினொரு மணிக்குத்தான் வந்து சேரும். ஐந்தரைக்கே வேன் ஏறிய பெண்கள் அதுவரை சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு இரண்டு கிலோ உரித்தால் 140 ரூபாய். வேன் ஏறியதிலிருந்து போன ஐந்தரை மணி நேரத்துக்கு ஒன்றுமில்லை.

கிலோக் கணக்கில் கூலி கொடுத்தால் குறைந்தபட்சக் கூலி பொருந்தாது என்றுதான் முதலாளிகளும் சொல்கிறார்கள், தொழிலாளர்களும் நம்புகிறார்கள். அது தவறு. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, நாள் கணக்கில் கூலி நிர்ணயிக்கப்பட்ட தொழிலில் ஒருவரை உருப்படிக் கணக்கிலோ எடைக் கணக்கிலோ வேலை வாங்கினாலும், அவருக்குக் கிடைப்பது அந்த நாள் கூலிக்குக் குறையக் கூடாது என்றது. 15-ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. வேலைக்கு வந்தவருக்கு வேலை கொடுக்க முதலாளியால் முடியாமல் போய், அதனால் நேரம் குறைந்தால், முழுநாள் கூலி தர வேண்டும். வண்டி தாமதமாக வந்தது உரிக்கிறவரின் குற்றமல்ல. அதைப் படித்த அன்று, நான் கையால் எழுதிய 140, 160, 210 என்ற எண்கள் எல்லாம் கண்முன் வந்து நின்றன. அவற்றை நான் பிழையில்லாமல் கூட்டினேன் என்பதுதான் அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் வேலையை விட்ட காரணம் பெரிய புரட்சி ஒன்றுமில்லை. 2024 தொடக்கத்தில் டெங்கு வந்து ஜனவரி 3 முதல் 7 வரை அரசு மருத்துவமனையில் படுத்திருந்தேன். அந்த ஐந்து நாளுக்கும் சம்பளம் பிடித்தார்கள். அதைக் கேட்டதும் ஒவ்வொன்றாகக் கேட்கத் தோன்றியது. சீசனில் இரவு எட்டு, ஒன்பது வரை உட்கார வைத்தார்களே, அதற்குக் கூடுதல் பணம் எங்கே என்று பிப்ரவரியில் கேட்டேன். "ஏம்மா, ஒங்க அம்மா மொகத்துக்காகத்தான் ஒன்னய வச்சிருக்கேன்" என்றார் முதலாளி. மார்ச் 31 அன்று விலகினேன். போகும்போது 20 ரூபாய் முத்திரைத்தாளில் "எனக்குச் சேர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள்; கொடுத்துவிட்டேன். குறைந்தபட்சக் கூலிக்கான உரிமையை விட்டுக்கொடுத்து எழுதப்படும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது என்று அதே சட்டத்தின் 25-ஆவது பிரிவு சொன்னது அப்போது தெரியாது. அந்தத் தாளை நினைத்து நினைத்தே இரண்டு மாதம் எதுவும் செய்யாமல் இருந்தேன். உங்களிடம் அப்படி எழுதி வாங்கியிருந்தால் அதற்காகத் தயங்காதீர்கள்.

பாக்கியைப் பற்றி ஏப்ரலில் ஒருமுறை போய்க் கேட்டபோது, "தடைக்காலம் முடியட்டும், ஜூன்ல சரக்கு வரவும் பார்த்துச் செய்யுறேன்" என்றார். எங்கள் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த இரண்டு மாதம் யாரும் யாரையும் பணம் கேட்டு நெருக்குவதில்லை என்பது இங்கே எழுதாத வழக்கம். அந்த நாகரிகத்துக்கு நான் கொடுத்த விலை 12,000 ரூபாய். எப்படி என்றால், அப்போது இருந்த அந்த 1948 சட்டப்படி, கூலி கொடுக்கப்பட வேண்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்பு மனு (பாக்கிக் கூலியைக் கேட்டு உரிய அதிகாரியிடம் கொடுக்கும் மனு) தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் ஒரு மாதக் கூலியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது அப்போதைய விதி. அப்படியானால் செப்டம்பர் சம்பளத்துக்கான கெடு ஏப்ரல் 7-உடன் முடிந்துவிடும். அக்டோபருக்கு மே, நவம்பருக்கு ஜூன். முதலாளியின் வாக்கை நம்பி நான் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மாதமும் பின்னால் இருந்து ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுகொண்டே வந்தது. இந்தக் கணக்கு பி.காம். படித்த எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். ரசீது வந்தது, மனம் லேசானது, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மனு உரிய துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டதாகத் தகவலும் வந்தது. ஆனால் குறைதீர் நாள் மனு வேறு, சட்டப்படியான கேட்பு மனு வேறு. முன்னது புகார், அதைக் கொடுத்ததால் ஆறு மாதக் கடிகாரம் நிற்கவில்லை. இதை எனக்கு எடுத்துச் சொன்னவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எனக்கு ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர். பெண்கள் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். அவர் என் கதையைக் கேட்டுவிட்டு முதலில் நாட்காட்டியைத்தான் எடுத்தார். ஜூலை 5 அன்று மனு தாக்கலானது. டிசம்பர் சம்பளத்தின் கெடு ஜூலை 7. இரண்டு நாள் இடைவெளியில் அந்த ஒரு மாதம் தப்பியது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று நான்கு மாதம், 16,000 ரூபாய். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்பதால் மீதிப் பதினெட்டு மாதத்துக்கும் சேர்த்தே கேட்டோம். முதலாளி வாய்ப்பேச்சாகக் கொடுத்த வாக்கைத் தவிரக் காட்ட ஒன்றும் இல்லாததால் அது ஏற்கப்படவில்லை. அவர் சொன்னதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக, "நீங்கள் ஜூனில் தருவதாகச் சொன்னீர்கள், நான் காத்திருக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பி வைத்திருந்தால்கூடப் பயன்பட்டிருக்கும்.

விசாரணை மதுரையில் நடந்தது. ஆறு முறை போனேன். ஒவ்வொரு முறையும் விடியற்காலைப் பேருந்து, பகல் முழுக்கக் காத்திருப்பு, இரவு வீடு. பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் சேர்த்து ஏறத்தாழ 4,000 ரூபாய் ஆனது. இரண்டாவது வாய்தாவில் அவர்கள் தரப்பு அந்தப் பைண்டு பதிவேட்டை மேசைமேல் வைத்தது. எல்லாப் பக்கமும் என் எழுத்து. "இதை எழுதியது நீங்கள்தானே?" என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆமாம் என்றேன். பொய் சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியதையும் மறைக்க விரும்பவில்லை. வெளியே வந்ததும் வழக்கறிஞர், "ஒத்துக்கிட்டது நல்லதும்மா. இனி அந்தப் பதிவேட்டையே ஒழுங்காப் படிப்போம்" என்றார்.

படித்தோம். டிசம்பர் மாதச் சம்பளம் 2024 ஜனவரி 5 அன்று நான் நேரில் பெற்றுக்கொண்டதாக அதில் இருந்தது. நான் உண்மையில் கையெழுத்துப் போட்டது 9-ஆம் தேதி, மருத்துவமனையிலிருந்து வந்து மறுபடி வேலைக்குப் போன அன்று. 7-ஆம் தேதிக்குள் கொடுத்ததாகக் காட்ட வேண்டுமே என்பதற்காகப் பக்கத்தின் மேலே 5 என்று தேதி போட்டிருந்தார்கள். அந்த ஒரு எண் மட்டும் என் எழுத்து இல்லை. 5-ஆம் தேதி நான் கையில் குளுக்கோஸ் ஊசியோடு படுத்திருந்ததற்கு மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது. அதைவிடப் பெரிய சாட்சியத்தை என் கைபேசியில் அம்மா கண்டுபிடித்தார். 6-ஆம் தேதி முதலாளி அனுப்பிய குரல் பதிவு: "பாப்பா, ஏழாயிரத்தை ஒங்க அம்மாட்ட குடுத்துவிட்டேன், ஒடம்பைப் பாத்துக்க." உண்மையில் அக்கறையோடு அனுப்பியதுதான். அந்த அக்கறையை அவருக்கு எதிராகவே காட்ட வேண்டியிருந்தது இன்றுவரை எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. எடைச் சந்தேகம் வரும்போது சரிபார்க்க நீள நோட்டின் சில பக்கங்களை அவ்வப்போது படம் எடுத்து வைத்திருந்தேன். அவையும் தேதியோடு இருந்தன.

கூடுதல் நேரக் கூலிக்கு மட்டும் என்னிடம் எதுவும் இல்லை. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் எந்த நாள் எத்தனை மணிக்கு வீடு திரும்பினேன் என்பதற்கு ஒரு வரி குறிப்புகூட நான் வைத்துக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் கணக்கு எழுதியவள் தன் நேரத்தை எழுதவில்லை. அந்தப் பகுதியை மனுவிலேயே சேர்க்க முடியாமல் போயிற்று. எவ்வளவு இழந்தேன் என்று சொல்லவும் எனக்கு வழி இல்லை.

அவர்கள் தரப்பில் கடைசிவரை சொன்ன வாதம், கட்டுபடியாகவில்லை என்பது. நீலக்கால் நண்டின் சதை பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போகிறது. அங்கே விலை விழுந்தால் இங்கே நட்டம் என்பது பொய்யல்ல, அந்தக் கணக்கையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் முதலாளியால் கொடுக்க முடியுமா என்பது குறைந்தபட்சக் கூலி விஷயத்தில் கேள்வியே அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே, கேரள ஓட்டுத் தொழிற்சாலை வழக்கு ஒன்றில், சொல்லிவிட்டது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது. நமக்கு இவை தெரிந்திருப்பதால் வழக்கு உடனே வென்றுவிடாது. ஆனால் "ஐயா கருணை காட்டுங்கள்" என்ற தொனியில் நான் எழுதிவைத்திருந்த முதல் மனுவைக் கிழித்துப் போடும் துணிச்சல் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

2025 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. நான்கு மாத வித்தியாசம் 16,000, அதே அளவு இழப்பீடு 16,000, மொத்தம் 32,000 ரூபாய். வித்தியாசத் தொகையைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஒரு மடங்கு கிடைத்தது. இரண்டு தவணையாக வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. இதற்கிடையில் அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாட்சி சொல்ல அம்மாவைத் தவிர வேறு யாரும் வரவில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. மறுநாள் வேன் வீட்டு முன்னால் நிற்காது என்ற பயம் என்ன என்று எனக்குத் தெரியும். அம்மா நான்கு மாதம் வீட்டில் இருந்தார், பிறகு வேறொரு கம்பெனியில் சேர்ந்தார். அந்த நான்கு மாதத்தையும் செலவில் எழுதினால், பணக் கணக்கில் நான் பெரிதாக ஒன்றும் ஜெயிக்கவில்லை.

இப்போது இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு மாற்றம் சாதகமாக இருக்கிறது. 2019-இல் நிறைவேற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி கேட்பு மனுவுக்கான காலம் மூன்று ஆண்டுகள். ஊதியம் கொடுக்கவில்லை, குறைத்துக் கொடுத்தார்கள் என்று தொழிலாளி சொன்னால், கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும். ஊதியச் சீட்டும் தர வேண்டும். பட்டியலில் உள்ள தொழிலா என்று தேடும் அவசியமும் இல்லை. குறைந்தபட்ச ஊதியம் எல்லா வேலைக்கும் பொருந்தும். எனக்கு இந்த மூன்று ஆண்டு இருந்திருந்தால் 22 மாதமும் கணக்கில் வந்திருக்கும். ஆனாலும் காலம் நீண்டிருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உடன் வேலை செய்தவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், கைபேசி தண்ணீரில் விழும், நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

நான் இப்போது ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் வங்கியில் வருகிறது. கையில் தருகிறேன் என்று முதல் மாதம் சொன்னார்கள், வங்கியிலேயே போடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். பழைய கம்பெனியில் இன்னும் உரிக்கப் போகும் எங்கள் தெரு மதினி ஒருவர், சாட்சி சொல்ல வராதவர்தான், ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "எனக்கு எழுதப் படிக்க அவ்வளவா வராது, நான் எப்படிக் கணக்கு வச்சுக்கிறது?" என்று கேட்டார். தினசரி நாட்காட்டித் தாளைக் கிழிக்கும் முன் அதில் நான்கு எண் மட்டும் போடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன்: வேன் ஏறிய நேரம், நண்டு வந்த நேரம், எடை, வீட்டுக்குக் கிளம்பிய நேரம். கிழித்த தாள்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். இரவானால் அன்றைய தாளை அவர் மகன் படம் எடுத்து எனக்கும் அனுப்பிவிடுகிறான். நேற்று வந்ததில், பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தது: 5.40, 11.15, 2.300, 4.30.